உங்கள் கொம்பியூட்டரில் இருந்து வெளியே போன என் கதை

அக்கா,

போன கிழமை எங்கள் வேலையிடத்தில் பழைய கொம்பியூட்டர்களைக் கழித்துவிட எடுத்து வைத்தார்கள். கழிப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் ஒருமுறை போட்டு, உள்ளே ஆருடைய விபரமாவது மிஞ்சிக் கிடக்கிறதா என்று பார்த்து அழிக்க வேண்டும். அது என் பொறுப்பு. பழுப்பேறிப் போன ஒன்றைப் போட்டதும் விசிறி இரைந்தது, உள்ளே படிந்திருந்த தூசி சுடத் தொடங்கியது. அந்த மணம் வந்ததும் நான் பக்கத்தில் இருந்த கதிரையில் இருந்துவிட்டேன். அது உங்கள் குசினியின் மணம். சாப்பாட்டு மேசையின் ஒரு தலைப்பில் அந்தப் பெரிய பெட்டியை வைத்திருப்பீர்கள். மறு தலைப்பில் மிளகாய்த்தூள் போத்தலும் பாண் பையும் இருக்கும். ஸ்காபரோவில் அந்த அப்பார்ட்மென்டின் மேல்மாடியில், கொம்பியூட்டர் சூடாகும் மணமும் தேத்தண்ணி மணமும் எனக்கு ஒன்றாகவே நினைவில் இருக்கின்றன.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் தனியாக ரொறன்ரோவுக்கு வந்து, அதே கட்டிடத்தில் கீழ்மாடியில் மாமா வீட்டில் தங்கியிருந்தேன். அகதி விசாரணைக்கு என் கதையை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று வழக்கறிஞர் சொன்னபோது, மாமிதான் உங்களிடம் கூட்டிக்கொண்டு வந்தா. பகலில் நீங்கள் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்துவிட்டு, பின்னேரங்களில் எங்களைப் போன்றவர்களின் கதைகளை மொழிபெயர்த்து ரைப் செய்துகொண்டிருந்தீர்கள்.

நான் சொல்வதற்குக் கஷ்டப்பட்ட கதை அது. கொழும்பில் லொட்ஜில் தங்கியிருந்த என்னைப் பொலிஸ் விசாரணைக்கென்று கூட்டிக்கொண்டு போனதும், அங்கே வைத்திருந்த நாட்களும், அந்த நாட்களில் எனக்கு நடந்ததும். அதை நான் அம்மாவுக்கே சொல்லவில்லை. மாமா வீட்டில், "ரெண்டு மூண்டு நாள் வைச்சிருந்துபோட்டு விட்டவங்கள்" என்று முடித்திருந்தேன். உங்களிடம்தான் முழுவதையும் சொன்னேன். கடினமான ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் நீங்கள் விரல்களை விசைப்பலகையில் இருந்து எடுத்துவிட்டு, "இதை எழுதட்டோ?" என்று கேட்பீர்கள். நான் பேசாமல் இருந்தால் எழும்பிப் போய்த் தேத்தண்ணிக்குக் கேத்திலை வைப்பீர்கள். ஒருநாளும் அவசரப்படுத்தவில்லை.

அப்படி எழுதிய கதை ஒரு நாள் வெளியே போனது.

அன்று மத்தியானம் நான் சலவை அறையில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வேலைக்குப் போகும் உடுப்போடு வந்து நின்றீர்கள். வேலைக்குப் போகவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. வேறு ஆரும் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினீர்கள்.

"நீர் முதல்லை இரும். நான் சொல்லுறதை முழுக்கக் கேளும்."

நான் இருந்தேன்.

"நேற்று என்ரை மச்சானிட்டை இருந்து ஒரு ஈமெயில் வந்தது. அதோடை ஒட்டி ஒரு பைல். தெரிஞ்ச ஆள்தானே எண்டு திறந்தன். அதுக்குள்ளை வைரஸ் இருந்திருக்கு. அந்த நேரம் உம்மடை கதையைத் திருத்திறதுக்குத் திறந்து வைச்சிருந்தன். வைரஸ் அந்தக் கதையை எடுத்து, என்ரை ஈமெயிலிலை முகவரி இருந்த ஆக்கள் எல்லாருக்கும் அனுப்பிப்போட்டுது. எனக்கு இண்டைக்குக் காலமைதான் தெரியும். பிக்கரிங்கிலை இருந்து ஒராள் போன் எடுத்து, என்னத்தை அனுப்பினனீங்கள் எண்டு கேட்டவர்."

உலர்த்தும் மெசின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் சத்தம் மட்டும் கேட்டது.

"ஆர் ஆருக்கு?" என்று கேட்டேன்.

நீங்கள் ஒளிக்கவில்லை. ஒவ்வொரு பெயராகச் சொன்னீர்கள். கோயிலில் காண்பவர்கள், தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளைக் கொண்டுவருபவர்கள், உங்களோடு வேலை செய்பவர்கள், நோர்வேயில் இருந்த உங்கள் சொந்தங்கள். சில பேர் மாமிக்கும் தெரிந்தவர்கள். கதையின் முதல் வரியிலேயே என் பெயர் இருந்தது.

பிறகு நீங்கள் சொன்னதை நான் இன்றுவரை மறக்கவில்லை. "மன்னிச்சுக்கொள்ளும் எண்டு கேக்க நான் வரேல்லை. கேட்டால் நீர் ஓம் எண்டு சொல்ல வேண்டி வரும். அந்தப் பாரத்தையும் உமக்குத் தர மாட்டன். வேறை ஆரும் சொல்ல முதல் நான் சொல்லவேணும் எண்டுதான் வந்தனான்."

நான் மடித்த உடுப்புகளைக் கூடைக்குள் வைத்துக்கொண்டு மேலே போய்விட்டேன். உங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றிரவு, யாரோ மறுபடியும் வந்து என் உடுப்புகளைக் களைந்தது போல் இருந்தது. நீங்கள் செய்யவில்லை என்பது தெரியும். ஆனாலும் உங்கள் குரலைக் கேட்க என்னால் முடியவில்லை.

அந்த நாட்களில் நீங்கள் செய்ததெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. வேலையில் லீவு போட்டுவிட்டு ஒவ்வொருவருக்கும் போன் எடுத்திருக்கிறீர்கள். கிடைக்காதவர்களின் வீட்டுக்குப் பஸ் பிடித்துப் போயிருக்கிறீர்கள். "அதைத் திறவாதேங்கோ, அழியுங்கோ. அது என்னை நம்பித் தந்த ஒருத்தரின்ரை விசயம்" என்று வாசலில் நின்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலானவர்கள் நீளமான ஆங்கிலத்தைக் கண்டதும் மூடியிருந்தார்கள். சிலர் தங்கள் கொம்பியூட்டர் பழுதாகிவிட்டதென்று உங்களை ஏசியிருக்கிறார்கள். விட்பியில் இருந்த ஒரு பெண் மட்டும், "நான் வாசிச்சிட்டன்" என்று உண்மையைச் சொன்னா. உங்கள் முன்னாலேயே அழித்துவிட்டு, "அந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்கோ, நான் ஆருக்கும் வாய் திறக்க மாட்டன்" என்றாவாம். நான் அறிய அவ திறக்கவும் இல்லை.

ஆனால் வேறு யாரோ வாய் திறந்தார்கள். மாமியின் காதுக்கு எட்டிவிட்டது. ஒரு நாள் நான் கொம்பியூட்டர் வகுப்பால் வந்தபோது மாமி என் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு மேசையடியில் காத்துக்கொண்டிருந்தா. "சனம் என்னவோ கதைக்குது. எனக்கு ஒண்டும் சொல்ல வேண்டாம். நீ எங்கடை பிள்ளை. சாப்பிடு" என்றா. நான் சாப்பிட்டேன். அழுதுகொண்டே சாப்பிட்டேன். மாமி இன்னொரு கரண்டி சோறு போட்டா.

அடுத்த நாள்தான் உங்கள் கதவைத் தட்டினேன்.

கொம்பியூட்டரைப் பழைய படுக்கை விரிப்பால் மூடியிருந்தீர்கள். வயர்களெல்லாம் கழற்றி நிலத்தில் கிடந்தன. மொழிபெயர்க்க வந்திருந்த மற்றவர்களின் கடதாசிகளைத் திருப்பிக் கொடுக்கவென்று அடுக்கி வைத்திருந்தீர்கள். "இனி இந்த வேலை செய்ய மாட்டன்" என்றீர்கள். கண் வீங்கியிருந்தது. நீங்கள் என்னைவிட மோசமாக இருந்தீர்கள் என்று அப்போதுதான் கண்டேன்.

"அப்ப இவையளின்ரை கதையை ஆர் எழுதுறது?" என்று கேட்டேன். "கதவுக்குப் பூட்டில்லாமல் விட்டிருக்கிறியள். பூட்டுப் போடுவம்" என்றேன். புதிதாக வந்தவர்களுக்கு நடத்தும் கொம்பியூட்டர் வகுப்பொன்றுக்கு நான் போய்க்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். உங்களுக்கு அதுவும் தெரியாது. இரண்டு பேருமாகத் தொடங்கினோம்.

இலவசமாக அன்ரிவைரஸ் தருகிறோம் என்று இன்ரநெட்டில் எத்தனையோ பக்கங்கள். ஒவ்வொன்றும் தானே நல்லதென்றது. எது பூட்டு, எது கள்ளன் என்று எங்களுக்குத் தெரியவில்லை. வகுப்பில் கேட்டு வந்தேன்: செய்தவர்களின் சொந்தப் பக்கத்தில் இருந்து மட்டும் எடுக்க வேண்டும், புது வைரஸ்களின் அடையாளங்களை அடிக்கடி புதுப்பித்துத் தருகிறார்களா என்று பார்க்க வேண்டும், பழைய மெசின் தாங்குமா என்று பார்க்க வேண்டும். ரெலிபோன் லைனில்தான் இன்ரநெட். இறக்கிக்கொண்டிருக்கும்போது உங்களுக்கு யாராவது போன் எடுத்தால் அறுந்துவிடும், முதலில் இருந்து தொடங்க வேண்டும். ஒரு சனிக்கிழமை முழுக்க அப்படியே போனது.

பயத்தில் நீங்கள் இரண்டு அன்ரிவைரஸை ஒன்றாகப் போடச் சொன்னீர்கள். போட்டோம். ஒன்று மற்றதை வைரஸ் என்று நினைத்ததோ என்னவோ, மெசின் அசையாமல் நின்றுவிட்டது. "ஒரு குசினிக்கை ரெண்டு மாமிமார்" என்றீர்கள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் சிரித்தது அப்போதுதான். பாரமானதைக் கழற்றிவிட்டு, மெசினை மெதுவாக்காத மற்றதை வைத்தோம். அது தேடத் தொடங்கி, வைரஸ் ஒளித்திருந்த பைல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக் காட்டியது. நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்தீர்கள்.

அடுத்தது பயர்வோல். கொம்பியூட்டரில் இருந்து எந்த நிரல் வெளியே போக முயன்றாலும் அது ஒரு பெட்டியைக் காட்டி, விடலாமா வேண்டாமா என்று கேட்கும். முதல் தடவை அந்தக் கேள்வி வந்தபோது நான் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்களும் பார்த்தீர்கள். பிறகு நீங்கள் வந்த கேள்விக்கெல்லாம் வேண்டாம் என்றே அழுத்தி, கடைசியில் ஈமெயிலே வேலை செய்யாமல் போனது வேறு விசயம்.

வெளியில் இருந்து ஏதாவது வந்து தொட்டாலும் அது அறிவிக்கும். நிமிடத்துக்கொரு பெட்டி. "ஆரோ தட்டுகினம்" என்று நீங்கள் பதறினீர்கள். கதவு தட்டுவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். மனிதர் ஒருவரும் எங்களைத் தேடி வரவில்லை, எங்கோ இருக்கும் மெசின்கள் எல்லா வீட்டுக் கதவையும் கண்மூடித்தனமாகத் தட்டிப் பார்க்கின்றன என்று வகுப்பில் சொன்னதை உங்களுக்குச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கும் விளங்கியது. நீங்கள் அந்த அறிவிப்பை நிறுத்திவிட்டு, "தட்டட்டும். உள்ளை விடாட்டிச் சரி" என்றீர்கள். சில இரவுகளில் நித்திரை வராதபோது அதை எனக்கே சொல்லிக்கொண்டு படுத்திருக்கிறேன்.

எல்லாம் சரி என்று நான் நினைத்தபோது, இலவசமாகத் தந்தவர்களின் நிபந்தனைகளை நீங்கள் கண்ணாடி போட்டு வரி வரியாக வாசித்தீர்கள். வீட்டுப் பாவனைக்கு மட்டும் என்றிருந்த இடத்தில் நின்றுவிட்டீர்கள்.

"நான் காசுக்குச் செய்யிற வேலை வீட்டுப் பாவனையோ?"

"ஆரக்கா பாக்கப் போகினம்?"

"ஆக்களின்ரை கதையைக் காக்கிறதுக்குக் களவான பூட்டுப் போட ஏலாது."

அதற்கு நீங்கள் கண்டுபிடித்த வழி எனக்குத் தோன்றியிருக்காது. வழக்கறிஞரிடம் கேட்டு, அவர் அலுவலகத்தில் ஒதுக்கிய பழைய மெசின் ஒன்றை வாங்கி வந்தீர்கள். அதற்கு ரெலிபோன் வயரே கொடுக்கவில்லை. கதைகளையெல்லாம் அதில் மட்டும் எழுதி, அச்சடித்து, பையில் வைத்துக் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். அதில் முதலில் எழுதியது என் கதையைத்தான். மறுபடியும் முதலில் இருந்து. இந்தத் தடவை நான் இடையில் நிற்காமல் சொன்னேன். கேத்தில் தேவைப்படவில்லை.

விசாரணை அன்று நீங்கள் வெளியே வாங்கில் இருந்தீர்கள். என்னை ஏற்றுக்கொண்டார்கள் என்று வந்து சொன்னபோது, என் கோட்டுப் பொத்தான்களைப் பூட்டிவிட்டீர்கள். குளிர் என்றீர்கள்.

பிறகு வாழ்க்கை ஓடியது. நான் கலியாணம் செய்து பிக்கரிங்குக்குப் போனேன். இவரிடம் முழுவதையும் முன்பே சொன்னேன். நானே சொன்னேன். உங்களோடு போனில் கதைப்பது மாதத்துக்கொருமுறை என்றாகி, பிறகு வருசத்துக்கொருமுறை என்றானது. மன்னிப்பைப் பற்றி நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அது இரண்டு பேருக்கும் தெரிந்தே இருந்தது என்று நம்புகிறேன்.

இந்த மாசியில் உங்கள் செத்தவீட்டுக்கு வந்தேன். எனக்குத் தெரியாத எத்தனையோ பேர் வரிசையில் நின்று அழுதார்கள். அவர்களின் கதைகளை எழுதியவர் நீங்கள் என்று எனக்கு விளங்கியது. ஆரும் ஆரையும் என்ன கதை என்று கேட்கவில்லை.

திரும்பி வரும்போது மகள்தான் கார் ஓடினாள். "அம்மா, ஹூ வாஸ் ஷீ? எங்கட சொந்தமா?" என்று கேட்டாள். அவளுக்கு இருபது வயது. ஏதாவதொரு கடைப் பிளாசாவில் காரை நிறுத்தச் சொன்னேன். கண்ணாடியில் பனி விழுந்து மூடிக்கொண்டிருந்தது. கொழும்பு லொட்ஜில் இருந்து தொடங்கி, உங்கள் குசினி வரைக்கும், தமிழிலேயே சொன்னேன். இடையில் நிற்கவில்லை. அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

முடிந்த பிறகு, "அம்மா, தம்பிக்கு நான் சொல்லட்டா?" என்று கேட்டாள்.

"வேண்டாம்" என்றேன். "நானே சொல்லுறன்."

"ஓகே அம்மா" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தாள்.

அன்புடன்,
கீழ்மாடிப் பிள்ளை