தலைமாட்டு ஜன்னல்

மார்ச் 4, செவ்வாய்

கேம்பர் வேன் இன்று எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தது. பழையதுதான், ஆனால் எஞ்சின் சுத்தம், அடுப்பு எரிகிறது. கட்டிலின் தலைமாட்டு ஜன்னல் மட்டும் திறக்கவில்லை. கைப்பிடியைச் சுற்றினால் சுற்றிக்கொண்டே இருக்கிறது, கண்ணாடி அசைவதில்லை.

என் மனைவி கட்டிலில் படுத்து, கையை நீட்டிச் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கினாள்.

"இது தொறக்கலைன்னா நான் வரலைங்க. நீங்க போய்ட்டு வாங்க."

பிடிவாதம் இல்லை. போன வருடம் மருத்துவமனையில், திறக்கவே முடியாத ஜன்னல் வைத்த அறையில் வாரக்கணக்கில் கிடந்தவள். அதிலிருந்து, மூடிய அறையில் கண்ணயர்ந்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள். வீட்டு ஜன்னலோ நெடுஞ்சாலையைப் பார்த்தது. திறந்தால் லாரிச் சத்தம். அவள் ஒரு முழுத் தூக்கம் தூங்க வேண்டும் என்றுதானே இந்த வேனையே வாங்கினேன்?

மார்ச் 5

மச்சான் வந்தான். அவள் தம்பி. வேனை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான்.

"சக்கரத்தைக் கழட்டிட்டா நல்ல கோழிக்கூண்டு, மாமா."

அக்கா முறைத்ததும் டயரை ஆராயத் தொடங்கிவிட்டான்.

மார்ச் 7

உதிரிபாகக் கடை. "இந்த மாடலே நின்னுபோச்சு சார். ஜன்னலோட மொத்தமா மாத்திடுங்க." அந்த அளவில் ஜன்னலும் வருவதில்லை என்பதையும் கடைக்காரரே சொன்னார்.

மார்ச் 9, ஞாயிறு

கழற்றியே விட்டேன். கைப்பிடிக்குப் பின்னால் சின்னப் பெட்டி. உள்ளே திருகாணிபோல் புரியிட்ட ஒரு தண்டு, அதோடு கோத்துக்கொள்ளும் பித்தளைப் பற்சக்கரம். சக்கரம் திரும்பினால் ஓர் இரும்புக் கை கண்ணாடியை வெளியே தள்ளும். பற்கள் மழுங்கிக் கிடந்தன. தீர்ந்தது கதை என்று நினைத்தேன்.

மண்ணெண்ணெயில் கழுவிச் சமையல் மேசையில் வைத்திருந்ததை அவள் எடுத்தாள். முப்பது வருடம் பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்தவள். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒரே பக்கமா மென்ன வாய் இது."

எனக்குப் புரியவில்லை.

"இங்கதான் தேஞ்சிருக்கு. அந்தப் பக்கம் பாருங்க, ஒரு பருக்கைகூட மெல்லாத பல்லு."

உண்மை. கண்ணாடி முழுக்கத் திறக்க, சக்கரம் அரைச் சுற்றுகூடத் திரும்ப வேண்டியதில்லை. இத்தனை வருடமும் ஒரு பாதியே உழைத்திருக்கிறது. மறுபாதி புத்தம் புதிது. திருப்பி மாட்டினால் போதும். காலையிலிருந்து அதைக் கையில் உருட்டிக்கொண்டிருந்த எனக்கு ஏன் தெரியவில்லை?

மார்ச் 10

மாட்டினேன். வெண்ணெயாய்த் திறந்தது.

மூடவில்லை.

கண்ணாடியைக் கையால் தள்ளிப் பாதி திறந்து வைத்திருந்தபோது மாட்டியது என் தவறு. அங்கிருந்து திறக்கும் வழியெல்லாம் நல்ல பற்கள். மூடும் வழியில் பாதியிலேயே பழைய பொக்கை. வானம் வேறு இருட்டிக்கொண்டு வந்தது. பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டினேன்.

மச்சான்: "தொறக்கலைன்னு நேத்து அழுதீங்க. மூடலைன்னு இன்னைக்கு அழறீங்க. உங்களுக்கு என்னதான் மாமா வேணும்?"

தாளின் கயிற்றை இன்னும் இறுக்கினேன். எரிச்சல்தான்.

மார்ச் 11

மறுபடி கழற்றி, கண்ணாடியை இறுக மூடி வைத்து, பிறகு மாட்டினேன். அவள் படுத்துக்கொண்டு ஒற்றைக் கையால் சுற்றினாள். திறந்தது. மூடியது. திறந்தது. சின்னப் பிள்ளை போல விடாமல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

மச்சான் நம்பவில்லை. "மழை வந்தா தெரியும்" என்று தோட்டக் குழாயை எடுத்துவந்து திறந்த ஜன்னல்மேல் பீய்ச்சினான். கீல் மேலே, திறப்பு கீழே. தண்ணீர் குடைமேல் விழுந்ததுபோல வழிந்து அவன் கால்சட்டையில் இறங்கியது.

உள்ளேயிருந்து அவள் குரல்: "ஒரு சொட்டு வரலைடா. இன்னும் நல்லா ஊத்து."

"போதும்க்கா, செருப்பெல்லாம் நனைஞ்சு போச்சு."

இன்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள எனக்கு உரிமை உண்டு. தூக்கிவிட்டுக்கொண்டேன்.

மார்ச் 13

சட்டி பானை ஏற்றியாயிற்று. தன் தலையணையை அவளே கொண்டுபோய் வைத்தாள்.

மார்ச் 15, சனி

ஏரிக்கரை. இரவு மழை பெய்திருக்கிறது; வெளியே புல் நனைந்து கிடக்கிறது, உள்ளே போர்வை காய்ந்திருக்கிறது. ஜன்னல் முழுக்கத் திறந்திருக்கிறது. வெயில் கட்டில்வரை வந்துவிட்டது.

மச்சான் போன் செய்தான். "அக்காகிட்ட குடுங்க."

"அப்புறம் பேசு."

"ஏன், சண்டையா?"

"தூங்கறா."

"சரி மாமா, எழுப்பாதீங்க" என்று அவனும் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்.

அவளுக்காகப் போட்ட தேநீர் இரண்டாம் முறையும் ஆறிவிட்டது.