திருப்புட்குழியின் பூட்டு

இன்று அந்த மர அலமாரியைத் திறந்தேன். பாச்சை உருண்டை வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது, கூடவே நீயும் வந்தாய். பட்டுப்புடவை அடுக்கும் அலமாரியின் பின்புறம் துளை போட்டு, உள்ளே கணினியை வைத்து, கரப்பான் வயரைக் கடிக்கக்கூடாது என்று உருண்டை போட்டவள் நீ. உருண்டைகள் எப்போதோ கரைந்துவிட்டன. வாசனை மட்டும் மரத்தில் ஊறிக் கிடக்கிறது.

உன்னிடம் ஒன்று சொல்லியே ஆகவேண்டும். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

நாம் தறிக்கு டிசைன் போட்டுக் கொடுத்த நான்கு கடைகளும் ஒன்றுக்கொன்று போட்டி. ஒரு கடையின் முந்தானை முகூர்த்த சீசனுக்கு முன்னால் இன்னொரு கடையின் கண்ணில் பட்டால் அவ்வளவுதான். இருந்ததோ ஒரே கணினி. அதற்குள், அவரவர் கடையிலிருந்தே தங்கள் டிசைனைத் திறந்து பார்க்கும்படி, கடைக்கு ஒன்றாக லினக்ஸ் கன்டெய்னர் அமைத்தாய், ஒரே வீட்டில் சுவர் வைத்துப் பிரித்த அறைகள் மாதிரி. எது யாருடையது என்று திரையை எட்டிப் பார்ப்பவருக்குத் தெரியக்கூடாதென்று சுற்றுவட்டார ஊர்ப் பெயர்களை வைத்தாய். தன் கடையை ஏன் திருப்புட்குழிக்கு அனுப்பினாய் என்று நால்வரில் பெரிய கடைக்காரர் கேட்டபோது, அந்த ஊர்க் கோயில் பெருமாள் துணை இருக்கிறார், பயப்படாதீர்கள் என்று சிரித்தாய்.

முதல் நாள் ஒரு கோப்பும் திறக்கவில்லை. எல்லாவற்றுக்கும் உரிமையாளர் 'யாருமில்லை' என்று காட்டியது. எல்லாருக்கும் எல்லா அனுமதியும் கொடுத்துத் தொலையேன் என்று முதலாளி அவசரப்படுத்தினார். நீ நாற்காலியை விட்டு எழவே இல்லை.

"எல்லாருக்கும் சாவியக் குடுத்துட்டு அப்புறம் பூட்டு இன்னாத்துக்கு சார்?"

ஒருவருக்கு வெளியே கணினி கொடுத்திருக்கும் எண் வேறு, கன்டெய்னருக்குள் அவருடைய எண் வேறு, சிக்கல் அதுதான் என்று கண்டுபிடித்து, கடை கடையாக இரண்டையும் பொருத்தினாய். சாயங்காலம் எனக்கும் சேர்த்து டீ சொன்னாய்.

நீ போன பின் முதலாளி சென்னையிலிருந்து ஒருவரை வரவழைத்தார். அவர் எல்லாவற்றையும் புதுக் கணினிக்கு மாற்றினார், நீ பொருத்திய எண்களைத் தவிர. அதே 'யாருமில்லை' வந்து நின்றது. காரணம் தேட அவருக்குப் பொறுமை இல்லை. நான்கு கடை டிசைனும் இருந்த மொத்த ஃபோல்டரையும் எல்லா கன்டெய்னரிலும் தெரியும்படி மாட்டி, யாரும் எதையும் திறக்கலாம் என்று விட்டுவிட்டார். வேலை ஓடியது. அவருக்குப் பாராட்டு வேறு.

இன்று காலை திருப்புட்குழிக்காரர் கொதித்துப்போய் வந்தார். அவருடைய யாளி பார்டரை அடுத்த கடையின் திரையில் யாரோ பார்த்திருக்கிறார்கள். சென்னைக்காரர் கொஞ்சமும் கூசாமல், "இது பழைய மேடம் போட்ட செட்டப் சார், ஓட்டை அங்கதான்" என்றார். முதலாளி தலையாட்டினார். ரம்ஜானுக்கு ரம்ஜான் உன் வீட்டில் பிரியாணி சாப்பிட்டவர், உன் ஜனாஸாவைத் தூக்கிய அன்று என் மகள் மாதிரி என்று அழுதவர், தலையாட்டினார். பதில் சொல்ல நீ இல்லை என்ற தைரியம்தானே? என்ன மனிதர்கள் இவர்கள்.

நான் வாதாடவில்லை. அலமாரியைத் திறந்து உன் பழைய கணினியை ஓடவிட்டேன். அந்த அடுத்த கடைக்கு நீ ஒதுக்கிய முசரவாக்கம் கன்டெய்னருக்குள் நுழைந்து திருப்புட்குழியின் ஃபோல்டரைக் கேட்டேன். அப்படி ஒன்றே இல்லை என்று பதில் வந்தது. அதே கட்டளையைப் புதுக் கணினியில் கொடுத்தேன். யாளி பார்டர் முதல் எல்லாம் வரிசையாக வந்து விழுந்தன. இரண்டு திரைகளையும் கடைக்காரர் பக்கம் திருப்பினேன்.

"அவ பூட்டிட்டுத்தான் போனா சார். தொறந்தது இவரு."

போனவளைப் பற்றி இப்போது எதற்கு, விடும்மா என்றார் முதலாளி. எப்படி விடுவது? பழி போட மட்டும் போனவள் வேண்டியிருந்தாளா என்று கேட்டே விட்டேன். சென்னைக்காரர் போனை நோண்டிக்கொண்டிருந்தார். கடைக்காரர் குனிந்து இரண்டு திரைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு முதலாளியிடம் மெதுவாகச் சொன்னார்.

"என் டிசைனு அந்தப் பொண்ணு கட்டின ரூம்லயே இருக்கட்டும்பா."

சாயங்காலத்துக்குள் திருப்புட்குழியை உன் கணினிக்கே கொண்டுவந்துவிட்டேன். அலமாரியில் புது உருண்டை இரண்டு போட்டேன். சென்னைக்காரர் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டார். அந்தக் கோபத்தை நான் வைத்துக்கொள்கிறேன். இனி யாராவது உன் பெயரை இழுக்க வந்தால் முதலில் என்னைத் தாண்டட்டும்.