நரிக்கரட்டின் மீதிப் பாதி

11 டிசம்பர் 2024, புதன்

காலையில் மூன்றாமாண்டுப் பிள்ளைகளுக்குத் தவளையின் இரத்த ஓட்டம் நடத்தினேன். பாதிப் பேர் தூங்கினார்கள். மதியம் டிவிக்காரர்கள் போன் செய்தார்கள். விவாதத்துக்கு வரவேண்டுமாம். தலைப்பு: நரி பிடிப்பது வழிபாடா, வதையா? எதிர்த்தரப்பில் கரட்டுப்புதூர் கருப்பண்ணன், அந்த ஊர் மாரியம்மன் கோயில் தர்மகர்த்தா.

பொங்கல் முடிந்ததும் அந்த ஊரே வலையோடு பக்கத்துக் குன்றான நரிக்கரட்டுக்குப் போகும். ஒரு குள்ளநரியைப் பிடித்து, மாலை போட்டு, மேளத்தோடு கோயிலைச் சுற்றிவந்து, எல்லாரும் அதன் முகத்தைப் பார்த்துக் கும்பிட்டபின் கரட்டிலேயே விட்டுவிடுவார்கள். அந்த வருடம் நன்றாக இருக்குமாம். அது பெட்டைகள் சினையாக இருக்கும் மாதம். விலங்கியல் படித்த ஒருத்தி எத்தனை வருடம் கத்துவது?

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர், “டிவில போயிக் கோவப்படாத. அதெல்லாம் ஊட்டோட வெச்சுக்க” என்றார். திருச்செங்கோட்டுக் கடையில் போர்வெல் ரிக் வண்டிக்காரர்களோடு நாளெல்லாம் கத்துகிற மனிதர் எனக்குப் பொறுமை சொல்கிறார்.

19 டிசம்பர்

ஜெயித்துவிட்டேன்.

“நாங்க நரிய கும்புடறவங்க. அடிக்கறவங்க இல்ல” என்றார் கருப்பண்ணன். “கும்பிடுகிறவர்களுக்கு வலை எதற்கு?” என்றேன். கைதட்டல் அடங்கவே இல்லை. வெளியே வரும்போது பார்த்தேன், மனிதர் கழற்றிவிட்ட செருப்பைக் காணாமல் தேடிக்கொண்டிருந்தார். ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் சந்தோஷம்தான், எனக்கு நானே பொய் சொல்வானேன்.

28 டிசம்பர்

அந்தத் துண்டு வீடியோ எல்லார் போனிலும் இருக்கிறது. அயோத்தியாப்பட்டணத்தில் காய் வாங்கும்போது கடைக்காரம்மா, “நரி டீச்சர்தான நீங்க?” என்றாள். ஒரு கட்டு மல்லித்தழை சும்மா கொடுத்தாள்.

16 ஜனவரி 2025, காணும் பொங்கல்

வீடியோ பரவியதில் நரி பிடிக்கத் தடை. கரட்டைச் சுற்றிப் போலீஸ், வனத்துறை. ஒருவரும் வலை எடுக்கவில்லை. மேளக்காரர்கள் கோயில் வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்விட்டார்கள். கருப்பண்ணன் என் பக்கம் வந்தார். கோபமே இல்லை அவர் குரலில்.

“இனிமே அது ஒங்க நரி, டீச்சர். நீங்களே பாத்துக்குங்க.”

“பார்த்துக்கொள்கிறேன்” என்றேன். எவ்வளவு திமிர்.

6 மார்ச்

குட்டிகள்! வளை வாசலில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து புரள்கின்றன. பைனாகுலரை இறக்கவே மனமில்லை. அழுதுவிட்டேன்.

29 ஏப்ரல்

கரட்டின் அடியில் வெள்ளையடித்த கற்களை நட்டிருக்கிறார்கள். கிராவல் மண் எடுக்கப் போகிறார்களாம். மேய்ச்சல் புறம்போக்கு, ஊர் சம்மதித்தால் போதுமாம். மே தினத்தன்று கிராம சபையில் தீர்மானம். ஊர் எப்படிச் சம்மதிக்கும்? அவர்களுக்கு அது நரிக்கரடு அல்லவா?

1 மே

சம்மதித்துவிட்டார்கள்.

வெளியூர்க்காரி பேசக்கூடாது என்று ஒருவர் தடுத்தார். கருப்பண்ணன்தான், “பேசட்டும் வுடுப்பா” என்றார். பேசினேன். புல்வெளி, எலி, மயில் முட்டை, உணவுச் சங்கிலி. வகுப்பில் தூங்குவார்களே, அதே முகங்கள்.

பிறகு வசந்தாமணி என்று ஒரு அம்மா எழுந்தாள். கரட்டில் ஆடு மேய்ப்பவள். அவள் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன்.

“கல்லு ஒடைக்கறவன் வந்தான், செங்கச் சூளக்காரன் வந்தான். நரி இருக்கற எடம், கைய வெக்காதன்னு நாங்கதான் தொரத்துனோம். அப்ப அது எங்க நரி. இப்ப தொட்டாக் கேசு, பாத்தாக் கேசு. ஆட்ட ஓட்டிக்கிட்டுப் போகக்கூட பயமா இருக்குது. யாரு நரிக்கோ நாங்க ஏன் காவல் இருக்கணும்? மண்ண எடுத்தா ரோடாச்சும் வரட்டும்.”

எல்லாக் கையும் தூக்கியாகிவிட்டது. கருப்பண்ணன் மட்டும் கையை மடியிலேயே வைத்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

சுற்றிலும் இருந்த கரடெல்லாம் மனைக்கட்டாகவும் கோழிப்பண்ணையாகவும் ஆனபோது இது மட்டும் ஏன் கரடாகவே இருந்தது? இத்தனை கட்டுரை எழுதினேனே, இந்தக் கேள்வியை ஒரு தடவையாவது கேட்டேனா?

17 ஜூன்

சேலத்தில் ஏறாத ஆபீஸ் இல்லை. நரியைத் தொட்டால் கேஸ். நரி குடியிருக்கும் மண்ணைத் தொட்டால் பர்மிட். ஒரு அதிகாரி சிரித்துக்கொண்டே, “ஒங்க நரி வேற எடம் பாத்துக்கும் மேடம்” என்றார். எந்த இடம்? சொல்லேன். மேப்பில் விரல் வைத்துக் காட்டேன்.

9 ஜூலை

கிழக்குப் பக்கம் ஜேசிபி. வளை இருந்த இடம்— இல்லை. அங்கே லாரி நிற்கிறது. குட்டிகள் வளர்ந்திருக்கும், ஓடியிருக்கும், ஓடத் தெரியாதா என்ன. ஓடியிருக்கும். டிரைவரிடம் கேட்டேன். “நாயி மாதிரி ஏதோ ஓடுச்சுங்க” என்றான். எத்தனை ஓடின என்று கேட்டேன். என்னைப் பைத்தியம் மாதிரிப் பார்த்தான். வண்டியின் முன்னால் போய் நின்றேன். கொஞ்ச நேரம் ஹாரன் அடித்தான், பிறகு என்னைச் சுற்றிக்கொண்டு போய்விட்டான். அவ்வளவுதான் நான்.

2 ஆகஸ்ட்

ஆத்தூர் ரோட்டில் ஒன்று அடிபட்டுக் கிடந்தது. இளசு. வால் நுனிக் கறுப்பு நன்றாகத் தெரிந்தது.

14 அக்டோபர்

அதே டிவி. வளர்ச்சியா, விலங்கா என்று தலைப்பாம். வரமாட்டேன் என்றேன். “போன தடவ மாதிரி ஒரு பஞ்ச் குடுத்தாப் போதும் மேடம்” என்றான் அந்தப் பையன். போனை வைத்துவிட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். இவர் கடையிலிருந்து வந்து, எதுவும் கேட்காமல் அடுப்பை அணைத்தார். சாதம் தீய்ந்து போயிருந்தது.

21 டிசம்பர்

கிழக்குப் பாதி குழியாகிவிட்டது. பொங்கல் கழிந்து மேற்குப் பாதி. காலடித்தடம் தேடித் தேடி முழங்கால் போய்விட்டது. போன மாதம் புதுசாக எச்சம் கிடைத்தது, ஒரே இடத்தில்.

கருப்பண்ணன் வீட்டுக்குப் போனேன். உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தார். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. கேட்டேவிட்டேன்.

“இந்தப் பொங்கலுக்கு வலையை எடுங்கள்.”

டீ டம்ளரைக் கீழே வைத்தார். “இத யாரு சொல்றதுன்னு தெரியுதா?”

“தெரியும்.”

“கேசு போடுவாங்க.”

“முதல் பெயர் என்னுடையதாக இருக்கட்டும்.”

வாசலுக்குப் போய்க் கரட்டுப் பக்கம் பார்த்தார். “மொதல்ல நரி இருக்குதா? நரி கெடச்சு, ஊரு அது மொகத்தப் பாத்துட்டா மீதி மண்ண எவனுக்கும் வுடாது. அதுக்கு நான் பொறுப்பு. கெடைக்கலன்னா, போயிருச்சுன்னு மொத்தத்தையும் குடுத்துருவாங்க. நல்லா ரோசன பண்ணிக்குங்க.”

17 ஜனவரி 2026, காணும் பொங்கல்

எழுதித்தான் ஆகவேண்டும்.

விடிந்ததும் போனோம். போன வருடம் யாரும் வலை எடுக்காததால் இம்முறை காவலுக்கு ஒருவரும் இல்லை. வலை பிடித்தவர்கள் முன்னால், மேளம் பின்னால். மேற்குச் சரிவு முழுக்கப் புதர்களைத் தட்டினார்கள். முயல் ஓடியது, கௌதாரி பறந்தது. வெயில் ஏறியது. “போயிருச்சுப்பா, ஊட்டுக்குப் போலாம்” என்று ஒவ்வொருவராகத் திரும்பத் தொடங்கினார்கள்.

அப்போது பார்த்தேன். சூரைப் புதருக்கு அடியில், பாறையோடு பாறையாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. பெட்டை. வயிறு தொங்கியது. சினை. நான் மட்டும்தான் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது.

வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் அதற்கு இன்றைக்குப் பிழைப்பு. அடுத்த மாதம் ஜேசிபி. கத்தினால் வலை. சினை வயிற்றோடு ஓட்டம், வலை, மேளம், கூட்டம். எதெல்லாம் அதற்கு ஆகாது என்று டிவியில் விரல் மடக்கிச் சொன்னேனோ, அதெல்லாம்.

“இங்க இருக்கு!” என்று கத்தினேன்.

நான்தான் கை காட்டினேன்.

ஓடியது, விழுந்தது. வலைக்குள் அது போட்ட சத்தம் காதைவிட்டுப் போகவில்லை. மாலையைத் தளர்த்திக் கட்டச் சொன்னேன், கேட்டார்கள். கோயிலை ஒரு சுற்றுப் போதும் என்றேன், அதையும் கேட்டார்கள். வசந்தாமணி கன்னத்தில் போட்டுக்கொண்டு, “எங்க சாமி, எங்கடி போயிருந்த?” என்று அதனிடம் கேட்டாள். ஊரே அழுதது. கரட்டில் கொண்டுபோய் விட்டபோது நொண்டிக்கொண்டே ஓடியது.

26 ஜனவரி

கிராம சபை. மேற்குப் பாதியைக் கொடுப்பதில்லை என்று தீர்மானம். எல்லாக் கையும் உயர்ந்தது. இம்முறை கருப்பண்ணன் கையும்.

29 ஜனவரி

வனத்துறை வழக்கில் முதல் பெயர் என்னுடையது. கல்லூரியில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். பழைய வீடியோவையும் புது வீடியோவையும் ஒட்டிப் போட்டுச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். “ஆம், நான்தான் காட்டினேன்” என்று ஒரே வரியில் பதில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

8 மார்ச்

கரட்டுக்குப் போனேன். மேற்குச் சரிவில் ஒரு வளை இருக்கிறது. புல் இருக்கிறது. போன வருடம் இதே வாரம் குட்டிகள் வெளியே வந்திருந்தன. இருட்டும் வரை உட்கார்ந்திருந்தேன்.

ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்த வசந்தாமணி, “குட்டி போட்டுருச்சுங்களா டீச்சர்?” என்றாள்.

“இன்னும் வெளியே வரவில்லை” என்றேன்.

“வரும் வரும். எங்க நரி, எங்க போயிரும்?” என்று ஆடுகளை வளைப் பக்கம் போகாமல் திருப்பி ஓட்டினாள். நாளைக்கும் போய் உட்காரவேண்டும்.