டாட்டா வாசலிலேயே போதும்

ஓசூர்

அன்புள்ள அப்பாவுக்கு ஆக்சிலியாவின் தோத்திரம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் இல்லாமல் ரெனி தூங்குகிறாளா? நான் சுகம். ஃபோனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரில் கேட்டுவிடுவாள் என்றுதான் நீங்கள் பால் ஊற்றும் சொசைட்டி முகவரிக்கு எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை என்னைத் தொப்பூரில் பஸ் ஏற்றிவிட்டு, ரெனியை மொபட்டின் முன்னால் நிற்கவைத்து, ரோட்டைக் கடந்து, அந்தப் பக்கம் எதிரே வரும் வண்டிகளுக்கு நேராகவே ஓட்டிக்கொண்டு வந்தீர்கள். பஸ்சோடு கூடவே வந்தால் அவள் எனக்குக் கொஞ்ச தூரம் கையாட்டலாமே என்றுதான். வாராவாரம் ஜன்னல் சீட் பிடித்து நானும் கையாட்டினேன். தப்பில் பாதி என்னுடையது.

அன்றைக்கு மலையிறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் வந்த லாரி, உங்களைப் பார்த்தும் நிற்க முடியாமல் ஒடித்துத் திரும்பி விலகியது. என் பிள்ளை லாரியைப் பார்க்கவே இல்லை அப்பா. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவனே ஒதுங்கிட்டான், உடு கண்ணு. டிகிரி படிச்ச புள்ள இப்படியா பயப்படறது?” என்று ஃபோனில் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். இன்னும் கண்ணை மூடினால் அந்த லாரிதான்.

இனி வீட்டுக்கு ஆற்றுப் பாலத்துக்கு அடியில் சுற்றிவரும் ரோட்டிலேயே போங்கள். இரண்டு கிலோமீட்டர்தான் கூடுதல். சனிக்கிழமை என்னைக் கூப்பிடவும் வரவேண்டாம், ஷேர் ஆட்டோவில் வந்துவிடுவேன். ரெனிக்கு ஆடிக்கொண்டிருந்த பல் விழுந்தால் எறியாமல் வையுங்கள், நான் பார்க்கவேண்டும்.

கிளம்பும்போது அவள் வாசலிலேயே டாட்டா சொல்லட்டும். அழுதால் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுங்கள். நான் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுவேன்.

கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது.

உங்கள் மகள்
ஆக்சிலியா