மலைக்கு அப்பால் போகாத பஸ்

மே 7, திங்கள்

காலையிலிருந்து தூறல். பஸ் இன்றும் ஓடவில்லை. நான்காவது நாள். வாசலில் தார்ப்பாய் மூடி நிற்கிறது. என் வீட்டுக்காரர் ஈரத்தில் நின்று சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஓடாத வண்டியை எதற்குத் துடைக்கிறீர்கள் என்று கேட்க நினைத்தேன்.

கடற்கரைக் கிடங்கில் பெட்ரோல் டின் இல்லை. கப்பல்களெல்லாம் ஐரோப்பாச் சண்டைக்குப் போய்விட்டனவாம். இருப்பது டாக்டர்களுக்கு, போலீசுக்கு, பிறகு மற்றவர்களுக்கு. மற்றவர்களில் பஸ் கடைசி.

வீட்டில் மண்ணெண்ணெய் அரைப் புட்டி. தேங்காயெண்ணெய் போதும். தீப்பெட்டி வாங்கணும். சிவகாமி அக்காவுக்கு ஒரு பாய்.

அக்கா மலைக்கு அந்தப் பக்கம் பாலிக் புலாவ்காரி. ஆஸ்பத்திரியில் கிடக்கும் புருஷனைப் பார்க்க வியாழக்கிழமை எங்கள் பஸ்ஸில்தான் வந்தாள். திரும்ப வண்டி இல்லை. எங்களோடு தங்கியிருக்கிறாள். இரண்டு குழந்தைகள் அங்கே பக்கத்து வீட்டில். தினமும் விடிந்ததும் என் வீட்டுக்காரரிடம் ஒரே கேள்வி: "இன்னைக்கி ஓடுமா தம்பி?"

மே 8, செவ்வாய்

வெயில். பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு. பூமிக்கடியில் இருக்கும் எண்ணெய் ஒருநாள் முழுக்கத் தீர்ந்துபோகும் என்று பத்திரிகையில் போட்டிருந்தது. பிள்ளைகளிடம் சொன்னேன். அப்போது என்ன செய்வீர்கள்?

ரோசம்மா எழுந்து, "ட்ராம்ல போவோம் டீச்சர்."

"ட்ராம் மலையடி ஆயர் ஈத்தாம் வரைக்கும்தானே?"

"அதுக்கு அங்கிட்டு யாரும் இருக்க வேணாம் டீச்சர்."

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் காதர் பாய் வந்தார். பஸ்ஸில் அவருக்குப் பாதிப் பங்கு. "மாட்டு வண்டிக்காரன்லாம் இப்ப பெரிய முதலாளி, தவுக்கே மாதிரி பேசுறான். கேட்டா அடுத்த வாரம்கிறான். சூசா லா, ரொம்பக் கஷ்டம்."

"நான் பொடிநடையா போயிடுறேன்" என்றாள் சிவகாமி அக்கா.

"மலை ஏறி இறங்கணும் அக்கா. மழை வேற" என்றார் இவர். 

மே 9, புதன்

இவர் இரண்டு புட்டி சம்சுவோடு வந்தார். குடிக்க இல்லை, வண்டிக்கு! டின்னின் அடியில் கிடந்த பெட்ரோல், எங்கள் மண்ணெண்ணெய், சம்சு எல்லாம் ஒன்றாகக் கலந்தார். சந்து முழுக்கச் சாராய நெடி.

"ஓடுமா?"

"ஓடும்."

"ஓடாட்டி?"

புனலை டேங்கில் செருகினார்.

மூன்று மணிக்கு எஞ்சின் பிடித்துக்கொண்டது. இருமி இருமி, கறுப்பாகப் புகை விட்டு. எதிர்வீட்டுக்காரர், "பஸ்ஸு குடிச்சிருக்கு லா" என்றார். இவர் சிரித்தார். எத்தனை நாளாயிற்று. நானும் சிரித்துவிட்டேன்.

மே 10, வியாழன்

ஆறரைக்குக் கிளம்பினார்கள். அக்கா முன் சீட்டில், பிள்ளைகளுக்கு பிஸ்கட் பொட்டலம் மடியில். வழியில் காத்திருந்தவர்கள் ஒன்பது பேர் ஏறினார்களாம். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம்.

மத்தியானம் காதர் பாய் பள்ளிக்கூடத்துக்கே வந்தார். தொப்பி கையில். "தங்கச்சி, பதறாதே."

மலை ஏற்றத்தில் எஞ்சின் நின்றுவிட்டது. எல்லோரையும் இறக்கிவிட்டு பானெட்டைத் திறந்திருக்கிறார். ஒருவர் ஹேண்டில் சுற்ற, இவர் குனிந்து எஞ்சினில் சம்சுவைக் கையால் ஊற்றியிருக்கிறார். தீ முகத்துக்கு வந்துவிட்டது. சிவகாமி அக்காதான் ஈரத் துணியைப் போட்டு அணைத்தாளாம். கீழே இறங்கிவந்த ஒரு மாட்டு வண்டியில் கிடத்திக் கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரி வந்து சேர நாலு மணி நேரம்.

அக்கா மிச்ச வழியை நடந்து போனாளாம்.

மே 12, சனி

மழை. இரண்டு கண்ணிலும் கட்டு. கையிலும். கட்டைப் பிரித்தால்தான் தெரியும் என்கிறார் டாக்டர். கஞ்சி ஊட்டினேன்.

"அக்கா போய்ச் சேந்துச்சா?"

"சேந்துட்டாங்க."

எனக்கு எப்படித் தெரியும்? சிவகாமி அக்காவின் புருஷன் நாலு கட்டில் தள்ளிப் படுத்திருக்கிறார். அவரும் அதையே கேட்டார். அவரிடமும் அதே பொய்.

மே 17, வியாழன்

கப்பல் வந்துவிட்டது. கடற்கரையில் டின் இறக்குகிறார்கள். பஸ்களுக்கும் கொஞ்சம் கொடுப்பார்களாம், வாரம் இரண்டு நாள் ஓடும் அளவுக்கு.

காதர் பாய் வாசலிலேயே நின்றார். "எம் பிள்ளைங்களும் சாப்பிடணும் தங்கச்சி. வண்டிக்கு ஒண்ணும் ஆகல, வேற டிரைவர் பாத்திருக்கேன்."

"ஓட்டுங்க அண்ணே" என்றேன். வேறென்ன சொல்ல?

மே 18, வெள்ளி

புழுக்கம். நாலு மணிக்கு ஆஸ்பத்திரி. அங்கே சிவகாமி அக்கா! எங்கள் பஸ்ஸில்தான் வந்தாளாம். அன்றைக்கு இருட்டுவதற்குள் வீடு சேர்ந்துவிட்டாள். பிள்ளைகள் சுகம். புருஷன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். பிறகு இவர் கட்டில் அருகில் வந்து நின்று, கட்டுப்போட்ட கையைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பஸ்ஸு போயிடும் தம்பி. வர்றேன்."

அவள் போய்க் கொஞ்ச நேரத்தில் ரோட்டில் எஞ்சின் சத்தம் கேட்டது. அவர் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியது. சத்தம் தேய்கிறவரைக்கும் அப்படியே இருந்தார்.

"ரெண்டாங் கியரை லேட்டாப் போடுறான்" என்றார்.