பாதி அறுத்த பலகை

கையெல்லாம் தேங்காயெண்ணெயும் துருவும் கலந்த வாடை. இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. அந்தக் கையோடுதான் உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நாளைக் காலை நம் பையன் குட்டி லாரியோடு வருகிறான். வேங்கிக்கால் வீட்டைக் காலி செய்துவிட்டு அவனோடு சென்னைக்குப் போகிறேன். மொட்டைமாடியில் நம் ரம்பம் பலகைக்குள் மாட்டிக்கொண்டு கிடந்தது. அதை விட்டுவிட்டு எப்படிப் போவேன்?

கடையில் வாங்கிய ரம்பத்தின் பிடி என் கைக்கு அடங்கவில்லை என்று ஒருநாள் முனகினேன். அதற்காக மர மில்லுக்குப் போய், அறுந்து கிடந்த பட்டை ரம்பத்தில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, ஆட்டோ பின்சீட்டில் சவாரி ஏற்றியதுபோல் கொண்டுவந்தீர்கள். பழைய பற்களை வெட்டி எறிந்துவிட்டு, முக்கோண அரத்தால் புதுப் பற்கள் ராவினீர்கள். ஒரு பல்லை இடப்பக்கம், அடுத்ததை வலப்பக்கம் என்று லேசாகச் சாய்த்தது நான். பிடிக்கு அளவெடுக்க, சப்பாத்திக்குப் பிசைந்த மாவை என் கையில் திணித்து, “நல்லா இறுக்கிப் புடி” என்றீர்கள். அந்த அச்சைப் பார்த்து வேப்பங்கட்டையைச் செதுக்கி முடித்தபின், அதே மாவில் சப்பாத்தியும் போடச் சொன்ன மகராசன் நீங்கள்.

உங்களுக்குத் தோள்பட்டை வலி என்பதால் அறுப்பது என் வேலை. பலகை ஆடாமலிருக்க அதன்மேல் ஏறி உட்காருவது உங்கள் வேலை. உட்கார்ந்தபடியே பென்சில் கோட்டைப் பார்த்து, “லெஃப்டுல போற... அழுத்தம் ஜாஸ்தி... ம், இப்ப நேரா வா” என்பீர்கள். கிரிவலக் கூட்டத்துக்குள் ஆட்டோ ஓட்டிய வாய், சும்மா இருக்குமா? “அறுக்கறது நானா, நீங்களா?” என்று கத்துவேன்.

மாடியில் போட ஒரு பெஞ்சு செய்யலாம் என்று பலகையைப் பாதி அறுத்திருந்தபோதுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதும், “ரம்பத்த எடுக்காத. அப்படியே இருக்கட்டும், வந்து முடிச்சிக்கலாம்” என்றீர்கள். வரவில்லை.

ரம்பத்தை மரத்துக்குள் யாரும் விட்டுவைக்க மாட்டார்கள். எனக்கும் தெரியும். ஆனால் அதை எடுத்தால், நீங்கள் வரமாட்டீர்கள் என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும். கருமாதி முடிந்தும் எடுக்கவில்லை. மழையில் மரம் ஊதி ரம்பத்தைக் கவ்விக்கொண்டது. நேற்று போனில் பையன், “உட்டுடும்மா, அங்க வேற வாங்கிக்கலாம்” என்றான். எதை வாங்குவான் அவன்?

இன்று மத்தியானம் எண்ணெய் விட்டு, வெட்டுக்குள் சின்ன ஆப்பு அடித்து, இழுத்தேன். வரவில்லை. உங்களைத் திட்டினேன். எதிரே நின்ற மலையையும் திட்டினேன். உட்கார்ந்து அழுதுவிட்டு மறுபடி இழுத்தேன். ஒருவழியாக அசைந்து வெளியே வந்தது. முந்தானையால் துடைத்தேன். அத்தோடு விட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை. பலகைமேல் அரிசி மூட்டையை ஏற்றி வைத்துவிட்டு, அதே வெட்டுக்குள் ரம்பத்தைத் திரும்ப வைத்தேன். மூட்டைக்கு உங்கள் கனம் இல்லை, பலகை குதித்தது. ஆனாலும் அறுத்தேன்.

கொஞ்ச தூரம் போனதும் ரம்பம் கோட்டை விட்டு இடப்பக்கம் விலகியது. எனக்குத் தெரிந்தது. திருப்பியிருக்கலாம், திருப்பவில்லை. இப்போதாவது வாயைத் திறப்பீர்கள் என்று, தெரிந்தே இன்னும் விலகவிட்டேன். பலகை இரண்டாகி விழும்வரை நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

ரம்பத்தைப் பழைய புடவையில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன். அது என்னோடு வரும். உங்கள் குரலுக்குக் காத்துக்கிடக்கிற இந்தக் காதும்தான் வரும். அதை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.