காப்பர் விட்ட வெளிச்சம்

செவ்வாய், ஐப்பசி 18

வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. இன்றைக்கு இரும்பு உருக்கும் ஃபர்னஸையே காக்க வைத்துவிட்டேன்!

உருக்கிய இரும்பிலிருந்து ஒரு சாம்பிள் துண்டு லேபுக்கு வரும். அதில் ஸ்பார்க் அடித்தால், அந்த வெளிச்சத்தைப் பிரித்து அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று மிஷின் சொல்லும். காலையில் வந்த துண்டில் காப்பர் அதிகம். அப்படியே ஊற்றினால், பிறகு கம்பியாக உருட்டும்போது பிளந்துவிடும். ஃபர்னஸைப் பார்த்துக்கொள்ளும் தனசேகர் அண்ணனிடம் ஊற்ற வேண்டாம் என்றேன்.

"இன்னாம்மா பேஜாரு பண்ற? மிஷின் கெட்டுப் போயிருக்கும். கரண்ட் பில்லு வேற ஏறிக்கினு கீது."

துண்டைத் தேய்த்து மறுபடி மூன்று தடவை அடித்தேன். அதே காப்பர். ஸ்பார்க் பட்டு அணுவுக்குள் மேல்படிக்கு ஏறின எலக்ட்ரான் கீழ்ப்படிக்கு இறங்கும்போது விடும் வெளிச்சம் அந்தந்த அணுவுக்கே உரியது. இரும்பு காப்பர் மாதிரி நடிக்க முடியாது. காலேஜில் மனப்பாடம் செய்து எழுதினதை இன்றைக்குத்தான் நம்பினேன்.

"மிஷின் தப்புன்னா நான் வேலைய விட்டுடறேண்ணா" என்றேன். எப்படிச் சொன்னேனோ!

அவர் உருக்குவதற்காக வந்த ஸ்கிராப் குவியலைக் கிளறச் சொன்னார். காப்பர் சுருள் கழற்றாத மோட்டார்கள் ஆறு கிடைத்தன. அதே மாதிரி சில ஏற்கெனவே ஃபர்னஸுக்குள் போயிருக்க வேண்டும். காப்பர் அளவு குறைய நல்ல இரும்பைச் சேர்த்து, சாம்பிள் சரியான பிறகுதான் ஊற்றினோம்.

சாயங்காலம் அண்ணன் டீயோடு லேபுக்கு வந்தார். "மோட்டார நாங்க யாருமே பாக்கல. அந்த வெளிச்சத்துக்கு எப்டிம்மா தெரிஞ்சுது?"

எலக்ட்ரான், படிகள் எல்லாம் படம் போட்டுச் சொன்னேன். கேள்வி மேல் கேள்வி கேட்டார். கம்பெனி பஸ் போனதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.